உடன்படிக்கையும் ஏவலும்
மந்திரவாதி வரலாற்றில் ஒரு சிறு ஆராய்ச்சி

கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றின் இரு கரைகளிலும் பெரம்பாங் மரங்கள் செழித்து நிற்கின்றன. இருள் கவிந்ததும் அம்மரங்களில் எண்ணிறந்த மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிவிட்டு அணையும். அயல்நாட்டார் படகேறி வந்து அக்காட்சியைக் கண்டு வியக்கின்றனர். இறந்தவரின் நகமே மின்மினியாகிறது என்று மலாய் முதியோர் சிறுவரிடம் சொல்வதுண்டு. பூச்சி வடிவில் ஆவி உலவும் என்னும் எண்ணம் இந்நிலத்தில் மிகப் பழையது. அவ்வெண்ணத்தோடு தொடர்புடைய ஒரு பொருளையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர், பகடை உருட்டிக் கதை நடத்தும் ஒரு மேசை விளையாட்டின் நூலைக் கொண்டுவந்து காட்டினார். 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டு. அதில் மந்திரம் வல்லார் பல வகையினர். ஒருவன் ஏடு கற்று மந்திரம் பெறுவான். ஒருவன் பிறவியிலேயே பெற்றிருப்பான். ஒருவன் தெய்வ வழிபாட்டால் பெறுவான். 'வார்லாக்' எனப்படுபவனோ ஆற்றல் மிக்க ஓர் ஆவியோடு உடன்படிக்கை செய்துகொண்டு பெறுவான். "ஐயா, இப்படிப்பட்ட மந்திரவாதி நம் நாட்டிலும் உண்டா?" என்று அம்மாணவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும், அதற்கு விடை தேடப் புகுந்தபோது வரலாற்றின் சில கசப்பான பக்கங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

சொல்லின் வரலாறு

முதலில் அச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'வார்லாக்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'வேர்லோகா' என வழங்கிற்று. 'வேர்' என்பது உடன்படிக்கை. 'லோகா' என்பது பொய்த்தவன். எனவே, உடன்படிக்கையை முறித்தவன், சொன்ன சொல் தவறியவன் என்பதே அதன் முதற்பொருள். நம்பிக்கைத் துரோகியையும் சாத்தானையும் அச்சொல்லாற் குறித்தனர். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து வழக்கில் அது ஆண் சூனியக்காரனைக் குறிக்கும் பெயராயிற்று. உடன்படிக்கையை முறித்தவனுக்கு வழங்கிய பெயர், உடன்படிக்கை செய்தவனுக்கு உரியதாக மாறிய விந்தை நம் கருத்துக்கு உரியது.

நம் மொழியில் 'மந்திரவாதி' என்னும் சொல்லில் உடன்படிக்கைக் கருத்து இல்லை. ஆனால் 'ஏவல்' என்னும் சொல்லில் அது மறைந்து கிடக்கின்றது. ஏவுவோன் ஒருவன், ஏவப்படுவது ஒன்று, அவ்விரண்டுக்கும் இடையே ஒரு கட்டு என மூன்றும் அதில் அடங்கும். 'குறளி' என்னும் சொல்லும் அத்தகையதே. குறள் என்றால் குறுமை. வித்தைக்காரன் ஏவல்கொள்ளும் குட்டிப் பேய்க்குக் குறளி என்று பெயர். ஏவலுக்கு உட்பட்ட ஆவி உருவிற் சிறியது என்னும் எண்ணம் மலாய் மக்களிடமும் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஐரோப்பியர் கண்ட உடன்படிக்கை

சாத்தானுக்கு எழுதிக் கொடுத்த முறியைப் பற்றிய கதை ஐரோப்பாவில் நெடுங்காலமாக வழங்கியது. தியோபிலஸ் என்னும் திருச்சபைப் பணியாளர் பதவி வேண்டிச் சாத்தானுக்கு ஓலை எழுதித் தந்தார் என்றும், பின்னர் மனம் வருந்தி மரியன்னையின் அருளால் அதனை மீட்டார் என்றும் இடைக்கால மக்கள் கூறினர். 1587ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பவுஸ்ட் என்பானின் கதை அச்சேறிற்று. தன் குருதியாற் கையெழுத்திட்டு உயிரை அடகு வைத்த அறிஞனின் கதை அது. ஆங்கில நாடகாசிரியர் மார்லோவும், அவருக்குப் பின் ஜெர்மானியக் கவிஞர் கதேயும் அக்கதையைப் பேரிலக்கியமாக்கினர்.

இவை ஏட்டுக் கதைகள். ஆனால் கதை ஏட்டோடு நிற்கவில்லை, நீதிமன்றம் ஏறிற்று. 1566ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செம்ஸ்போர்டு நகரில் ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் முதியவளை விசாரித்தனர். 'சாத்தான்' என்று பெயரிட்ட பூனை ஒன்றை அவள் வளர்த்தாள், தன் குருதித் துளியை அதற்கு ஊட்டினாள், அது அவள் ஏவிய தீங்குகளைச் செய்தது என்பது குற்றச்சாட்டு. அவள் தூக்கிலிடப்பட்டாள். 1604ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இயற்றிய சட்டம், தீய ஆவியோடு உடன்படிக்கை செய்வதையும் அதற்கு உணவளிப்பதையும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கிற்று. அச்சட்டம் 1736ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

குருதி ஊட்டி வளர்த்த ஏவற் பொருள் என்னும் இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துக. ஏழு கடல் தாண்டி நம் சிலாங்கூரிலும் இதனையே காண்கிறோம்.

மலாய் நாட்டுப் போலோங்

சிலாங்கூரின் கோலலங்காட் வட்டாரத்தில் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், 1900ஆம் ஆண்டில் மலாய் மந்திர வழக்கங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதிலுள்ள செய்திகளிற் பெரும்பகுதி நம் மாநிலத்திற் கேட்டறிந்தவை. போலோங், பெலெசிட் என்னும் இரு ஆவிகளைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார்.

கொலையுண்டவனின் குருதியை ஒரு புட்டியில் இட்டு, குறித்த நாள்வரை மந்திரம் ஓதினால், புட்டிக்குள்ளிருந்து குருவிக் குஞ்சு கத்துவது போன்ற ஒலி எழும். வளர்ப்பவன் தன் விரலைக் கீறி அதனுள் நுழைப்பான். உள்ளிருப்பது குருதியைச் சுவைக்கும். அதுவே போலோங். சுண்டு விரலின் நுனிக்கணு அளவே உள்ள பெண்ணுரு அது என்பர். குருதி தருபவன் ஆணாயின் அதற்குத் தந்தை, பெண்ணாயின் தாய். பெலெசிட் என்பது வெட்டுக்கிளி அல்லது சில்வண்டு போன்ற உருவினது. போலோங்கிற்கு முன்னோடியாகச் செல்வது. இவற்றாற் பற்றப்பட்டவர் பிதற்றுவர், துள்ளுவர், தம்மை மறப்பர். அப்போது வைத்தியராகிய போமோ, "உன் தாய் யார்? உன் தந்தை யார்?" என்று வினவுவார். பற்றப்பட்டவரின் வாய் ஒரு பெயரைச் சொல்லும். அந்த வினாவே இக்கட்டுரைக்கு உயிர்நாடி என்பதை முடிவிற் காண்போம்.

இவ்வுறவு ஒரு தலைமுறையோடு முடிவதன்று. வளர்த்தவர் இறக்கும்போது வாரிசுக்குக் கைமாற்ற வேண்டும் என்றும், ஏற்பாரில்லையெனில் உயிர் எளிதிற் பிரியாது என்றும் நம்பினர். இவ்வாறு வழிவழி வரும் ஆவியைச் 'சாக்கா' என்பர். பாட்டன் பட்ட கடன் பேரன் தலையில் விழுவதை ஒக்கும் இது.

மலாய் உரைநடையின் முன்னோடியான முன்ஷி அப்துல்லாவும் தம் வாழ்க்கை வரலாற்று நூலில், மக்கள் நம்பிய பேய்களைப் பற்றி எழுதியுள்ளார். மலாக்காவிற் பிறந்த அவர் அரபு, தமிழ் மரபுகளின் வழித்தோன்றல்; இளமையில் தமிழும் கற்றவர். 1849ஆம் ஆண்டில் அச்சேறிய அந்நூலைத் தமிழாசிரியர்கள் தேடிப் படித்தல் நலம். அவர் அறிவின் பக்கம் நின்று இத்தகைய நம்பிக்கைகளை எள்ளியவர். இஸ்லாமிய சமய அறிஞர்களும் இவை தம் நெறிக்கு மாறானவை என்றே கண்டித்து வந்துள்ளனர். ஆதலின், இந்நம்பிக்கைகளைக் கொண்டு ஓர் இனத்தையோ சமயத்தையோ அளப்பது தவறு. ஆங்கிலேயக் கிழவியின் பூனையும் மலாய்க் கிராமத்தின் போலோங்கும் ஒரே அச்சத்தின் இரு பிள்ளைகள்.

மலாய் மந்திரத்தில் நம் நாட்டுக் கலப்பும் உண்டு. மந்திரம் அங்கே 'மந்தெரா' ஆயிற்று. பூசை 'பூஜா' ஆயிற்று. சக்தி 'சக்தி'யாகவே நின்றது. சிவபெருமானைப் 'பத்தாரா குரு' என அழைக்கும் மந்திரங்கள் உள. ரிச்சர்டு வின்ஸ்டெட் என்னும் அறிஞர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பழைய ஆவி வழிபாடு, சைவம், சூபி நெறி ஆகிய மூன்றும் மலாய் மந்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதை விளக்கினார்.

தமிழர் வழக்கு

இனித் தமிழகம் செல்வோம். மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களை அருளிற்று. வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசி தாங்கவும் உதவுவன அவை. இங்கே உடன்படிக்கை இல்லை. கைம்மாறு கருதாத கொடையே உண்டு. சிலப்பதிகாரத்தில் கானுறை தெய்வம் ஒன்று வசந்தமாலையின் வடிவில் வந்து கோவலனை மயக்க முயல்கிறது. அவன் கொற்றவையின் மந்திரத்தை ஓத, அது தன் வடிவைக் காட்டி அகல்கிறது. இங்கும் மந்திரம் காப்புக்கே பயன்பட்டது.

ஆனால் அதே காப்பியத்தின் இந்திர விழவூர் எடுத்த காதையில் வேறொரு காட்சி உண்டு. புகார் நகரின் காவற்பூதத்துப் பலிபீடிகையில், மன்னன் வெற்றி பெறுக என்று மறவர்கள் தம் தலையையே அரிந்து வைக்கின்றனர். தமிழகத்தில் ஆங்காங்கே கிடைக்கும் நவகண்டச் சிற்பங்களும் தன்னுயிர் ஈந்த வீரரைக் காட்டுவன. இது குருதியால் முடித்த உடன்படிக்கையே. ஆனால் கொடுத்தது தன் குருதி, கேட்டது பிறர் நலம், நடந்தது ஊரறிய.

விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் அவனுக்கு ஏவல் செய்கிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மலையாள நாட்டில் குட்டிச்சாத்தானை வசப்படுத்திய மந்திரவாதிகளைப் பற்றிய கதைகள் மிகுதி. குட்டிச்சாத்தான் ஏவப்பட்ட வீட்டில் கூரைமேற் கல் விழும். உணவில் மயிரும் மண்ணும் விழும் என்பர். உரிய உணவைத் தரத் தவறினால் அது ஏவியவனையே திருப்பித் தாக்கும் என்றும் கூறுவர்.

இவை எல்லாவற்றினும் நம் ஆராய்ச்சிக்குப் பொருத்தமானது மதுரையை அடுத்த அழகர்கோயிற் பதினெட்டாம்படிக் கருப்பர் கதையாகும். பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிய தம் ஆய்வு நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். மலையாள நாட்டு மந்திரவாதிகள் பதினெண்மர் அழகரின் தெய்வ ஆற்றலைக் கவர்ந்து செல்ல வந்தனர். அவர்களுடைய சூழ்ச்சி வெளிப்பட, ஊரார் அவர்களைக் கொன்று கோபுர வாயிலின் படிகளிற் புதைத்தனர். அவர்களோடு வந்த கருப்பரோ அழகரின் அழகில் மயங்கி அங்கேயே தங்கினார். கோயிலைக் காத்து நிற்பேன், எனக்கு அர்த்தசாமப் பிரசாதத்தைத் தருக என்று வேண்டினார். அவ்வாறே ஏற்பாடாயிற்று. இன்றும் அவ்வாயிற் கதவு மூடியே இருக்கின்றது. அதற்குச் சந்தனம் சாத்துகின்றனர். வழக்குடையோர் அப்படியில் நின்று சத்தியம் செய்தால், அதற்குமேல் விசாரணை வேண்டுவதில்லை என்று சுற்று வட்டார மக்கள் கருதினர்.

இக்கதையின் நுட்பத்தை நோக்குக. மறைவில் வந்த மந்திரவாதிகள் அழிந்தனர். அவர்கள் கொணர்ந்த தெய்வமோ, ஊரறியச் செய்த உடன்படிக்கையால் காவலராயிற்று. அக்காவலரின் வாயிலே சொல் தவறாமைக்குச் சான்றான இடமாயிற்று. ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் சொல் தவறியவன் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நம் தோட்டங்களின் எல்லையில் நிற்கும் முனீஸ்வரரும் மதுரை வீரரும் கருப்பரும் இவ்வகைக் காவலரே. காடழித்த காலத்தில் பாம்புக்கும் புலிக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய நம் முன்னோர், சூலத்தை நட்டு, 'எங்களைக் காத்தருள். ஆண்டுதோறும் படையல் இடுகிறோம்' என்று வேண்டிக்கொண்டனர்.

இருவகை உடன்படிக்கை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்பின், ஆவியோடு செய்யும் உடன்படிக்கை இருவகைப்படும் என்பது புலனாகும்.

ஒன்று வெளிப்படை உடன்படிக்கை. புகார் மறவரின் தலைப்பலி, கருப்பரின் காவல், தோட்டத்துப் படையல் ஆகியன இவ்வகை. மலாய்ப் பாவாங் கடற்கரையிற் செய்த பூசையும் இதுவே. பூசை முடிந்ததும் சில நாள் ஒருவரும் கடலுக்குச் செல்லலாகாது என்று அவர் விதித்தார். ஈயச் சுரங்கத்தில் இன்ன பொருளைக் கொண்டுவரலாகாது, இன்ன சொல்லைச் சொல்லலாகாது என்று 'பந்தாங்' வகுத்தார். அது ஊர் முழுவதையும் கட்டுப்படுத்திய ஒப்பந்தம். செய்தவர் இன்னார் என்பது தெரியும், சாட்சிகள் உண்டு, பயன் எல்லார்க்கும் பொது.

மற்றொன்று மறைவான உடன்படிக்கை. போலோங் வளர்ப்பு, பூனைக்குக் குருதி ஊட்டல், பில்லி சூனியம் ஆகியன இவ்வகை. இவ்வகையை ஆராயும் வரலாற்று மாணவன் ஓர் உண்மையைக் கண்டு திடுக்கிடுவான். வெளிப்படை உடன்படிக்கைக்குச் செய்தவரே சான்று. மறைவான உடன்படிக்கைக்கோ குற்றம் சாட்டியவரே சான்று. அச்சுறுத்தலாலோ துன்புறுத்தலாலோ பெற்ற வாக்குமூலங்களை நீக்கிவிட்டால், பெரும்பாலும் எஞ்சுவது அயலார் பேச்சு மட்டுமே. குற்றம் சாட்டப்பட்டவருள் மிகப் பலர் ஏழைகள், முதியோர், துணையற்ற பெண்கள்.

இக்கதைகள் ஏன் இவ்வளவு எளிதில் நம்பப்பட்டன என்பதற்கு என் கருத்தைக் கூறுகிறேன். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்த்தல் 1938ஆம் ஆண்டில் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்கு முன்பு கப்பலேறிய நம் மூதாதையர் பலர், படிக்கத் தெரியாத தாளிற் பெருவிரல் பதித்தவர்கள். முன்பணம் பெற்று, அக்கடன் தீராமல் உழைத்தவர்கள். முதலில் உதவிசெய்து, பின் நாள்தோறும் குருதி கேட்கும் ஒன்றை அவர்கள் வாழ்க்கையிலேயே அறிந்திருந்தனர். அத்தகையோர் சிறிய ஆவியின் கதையை நம்பியதில் வியப்பில்லை. கடனின் கொடுமையைக் கதை வேறு சொற்களிற் சொல்லிற்று.

ஒரு நிகழ்ச்சி

பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில் ஒரு தோட்டப் பள்ளியிற் பணியாற்றினேன். ஒருநாள் காலை, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அலறி விழுந்தாள். நண்பகலுக்குள் மேலும் நால்வர் அவ்வாறே அலறினர். இத்தகைய கூட்ட மயக்கம் அச்சத்தாலும் மன நெருக்கடியாலும் ஒருவரைப் பார்த்து மற்றொருவருக்குப் பரவுவது என்று இன்று மருத்துவர் விளக்குகின்றனர். அன்று பெற்றோர் மந்திரவாதி ஒருவரை அழைத்து வந்தனர். அவர் விபூதி இட்டு, "உன்னை ஏவியது யார்? சொல்!" என்று முதற் சிறுமியை மும்முறை அதட்டினார். அவள் அழுதுகொண்டே ஒரு பெயரைச் சொன்னாள்.

அது லயன் வீட்டின் கோடியில் தனியே வாழ்ந்த ஒரு கிழவியின் பெயர். பிள்ளைகள் எல்லாரும் அவரை ஆயா என்று அழைப்பார்கள். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, கோழி வளர்த்து முட்டை விற்றவர். அன்று மாலை முதல் அவரிடம் எவரும் முட்டை வாங்கவில்லை. ஒரு வாரத்திற்குள் அவருடைய கோழிகள் செத்துக் கிடந்தன. ஒரு மாதத்திற்குள் அவர் மூட்டை கட்டிக்கொண்டு தூரத்து உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டார். புறப்படும் முன் பள்ளி வாசலில் நின்று, "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. நீங்களும் நம்புறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று அவரிடம் சொன்னேன். அதனை ஊராரிடம் சொல்லும் துணிவு எனக்கு அன்று இல்லை. புதிய ஆசிரியன், பெற்றோரைப் பகைத்துக்கொள்ளலாகாது என்று வாளா இருந்துவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து ஸ்கீட் எழுதியதைப் படித்தபோது, "உன் தாய் யார்?" என்னும் வினாவைக் கண்டு சிறிது நேரம் நூலை மூடிவைத்தேன். செம்ஸ்போர்டில் கேட்டதும், மலாய்க் கிராமத்திற் கேட்டதும், எங்கள் பள்ளியிற் கேட்டதும் அந்த ஒரே வினாவன்றோ! ஒரு பெயர் வேண்டும் என்று அதட்டிக் கேட்டால், அஞ்சிய வாய் ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். யாருக்காகப் பேச எவரும் இல்லையோ, அவர் பெயரே முதலில் வரும்.

ஆசிரியர் கடமை

என் மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான்: ஆவியோடு உடன்படிக்கை செய்த மந்திரவாதியைப் பற்றிய கதை நம் நாட்டிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. விளையாட்டில் அவனாக நடிப்பதால் ஒரு கேடும் இல்லை. அங்கே நீ விரும்பி ஏற்ற வேடம் அது. வரலாற்றிலோ அவ்வேடத்தைப் பெரும்பாலோர் விரும்பி ஏற்கவில்லை. பிறர் அவர்கள் மீது அதனைப் பூட்டினர்.

தமிழாசிரியர்கள் பேய்க்கதைகளை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேதாளக் கதையும் கருப்பர் கதையும் நம் செல்வங்கள், அவற்றைச் சொல்லுக. சொல்லி முடித்ததும், 'இதனைச் சொன்னவர் யார்? யாரைப் பற்றிச் சொன்னார்? அவரிடம் யாரேனும் கேட்டார்களா?' என்று மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்புக. வரலாற்றுக் கல்வியின் தொடக்கம் அதுவே.

பதினெட்டாம் படியில் நின்று பொய் சொல்ல அஞ்சினர் நம் முன்னோர். ஆசிரியராய்ப் பயிற்சி பெற்று வந்த நாமும் ஒரு படியின் மேல் நின்று சொல் கொடுத்தவர்களே. உண்மை தெரிந்தும் வாய் திறவாதிருந்த நாளில், அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளுக்கு உரியவனாக நின்றவன் நான்தான். அந்த ஆயா அல்லர்.